அம்மாவின் பத்தாவது திதிக்கு முன், அக்காவுக்கு

அக்கா,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்திலேயே மாமாவின் சர்க்கரைக்கும் பாப்பாவின் படிப்புக்கும் தாவிவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். நம் ஊரில் நாலு பேர் இதைப் படிப்பார்கள், சிலதைத் தொடாமல் விடுகிறேன். 2017 பங்குனியில் நான் திரும்பி வந்த அன்று வாசலில் நடந்தது அதில் ஒன்று.

பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும் என்று ரேஷன் கார்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். நகம் அளவு முகம். அதிலும் பாதியின் மேல் அலுவலக முத்திரை. கட்டம் போட்டுப் பெரிதாக்கினேன். முத்திரை விழுந்த பக்கத்தில் கண் எங்கே முடிகிறது, கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே பிடிபடவில்லை. மூன்று நாள் போட்டுப் போட்டு அழித்ததில் தாள் நைந்து ஓட்டை விழுந்தது. பந்தியில் எல்லார் முன்னாலும், "ஓவியம் படிக்கிறானாம், பெத்தவ முகத்தை வரையத் தெரியல" என்றாய். அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ அழுதுகொண்டேதான் சொன்னாய், அதுவும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் ஸ்டூடியோக்காரர் யாரோ கட்டிய பட்டுப்புடவையை அம்மாவின் கழுத்துக்குக் கீழே ஒட்டி, முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்தார். அம்மா ஜென்மத்தில் அப்படி ஒரு புடவை கட்டியதில்லை. மாலையும் சீரியல் பல்புமாக நீ அதை மாட்டிய பிறகு, அதன் கீழே உட்கார்ந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு மாதம் பென்சிலைத் தொடவில்லை. வருகைப் பதிவுக்காகக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன், நீ தைத்து அனுப்பிய பணத்தில்.

முதல் வருஷத் திதி என்றைக்கு என்று தெரியாது, இங்கிலீஷ் தேதி என்று நினைத்துவிட்டேன் என்று அன்று சொன்னேன். பொய். காலண்டரில் நீ சுழித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான், ஹாஸ்டல் பணத்தை எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில் எர்ணாகுளம் ரயில் ஏறினேன். எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டிய ஒரே மகன். மன்னித்துவிடு அக்கா. ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து என்னால் இறைத்திருக்க முடியாது. இதையும் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்டால், அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும்.

கொச்சி பியனாலே, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற பெரிய கலைக் கண்காட்சி. அதன் மூன்றாவது பதிப்பு, மார்ச் 29-ல் முடியப் போகிற சமயம். ஃபோர்ட் கொச்சியில் ஆஸ்பின்வால் ஹவுஸ் என்று கடலை ஒட்டிய பழைய வியாபாரக் கட்டடம். அதில் நீளமாக ஒரு கிடங்கு. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்க வேண்டும், உள்ளே தரை முழுக்கக் கடல் தண்ணீர். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு ஓவியம் இல்லை, சிலை இல்லை. பக்கச் சுவர்களில் கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்கிற மாதிரிக் கேள்விகள் மட்டும். தண்ணீரில் யாராலும் வேகமாக நடக்க முடியவில்லை. எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, கட்டியிருந்த முண்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் கால் எழுப்பிய அலை வந்து என் காலில் பட்டது.

கோடிச் சுவரில் காலிப் குர்தியைப் பற்றி எழுதியிருந்தது. 2015-ல் துருக்கிக் கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரியாக் குழந்தை ஆலனின் படத்தை உலகமே பார்த்தது. அவன் அண்ணன்தான் காலிப். ஐந்து வயது. அதே படகில் போய், அவனும் அவர்கள் அம்மாவும் அன்றே மூழ்கினார்கள். ஆனால் அவனை உலகம் அப்படிப் பார்க்கவில்லை. சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீட்டா அவனுக்காகத்தான் அந்தக் கூடத்தில் தண்ணீரை நிரப்பியிருந்தார். அவனைத் தன் மகன் என்று எழுதியிருந்தார்.

கண் முன்னால் முகமே இல்லாத ஒரு பையனை நினைத்துக்கொண்டு அத்தனை பேரும் பேசாமல் நின்றோம். நீ புரோகிதரை உட்கார வைத்துவிட்டு எனக்குப் போன் போட்ட நேரம் அது. பையில் அதிர்ந்தது தெரிந்தது. எடுக்கவில்லை. அம்மாவின் கை ஞாபகம் வந்துவிட்டது. கொடிக்காலிலிருந்து வந்த வெற்றிலையைத் திண்ணையில் கொட்டிக் கவுளி கட்டுவாளே, கவுளிக்கு நூறு, காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க. கட்டைவிரல் நகக்கண்ணில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்தக் கறுப்புக் கறை. அதை வரைய எனக்கு ரேஷன் கார்டு வேண்டாம்.

சாயங்காலம் படகுத்துறையில் டிக்கெட்டின் பின்பக்கம் அந்தக் கட்டைவிரலைப் போட்டேன். மறுநாள் மட்டாஞ்சேரியில் மாணவர் பியனாலே. என்னைப் போலவே கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள். முகம் அச்சு அசலாக வந்திருக்கிறதா என்று அங்கே யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அதன்பின் எங்கே கண்காட்சி என்றாலும் போனேன். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற ஓவியர்கள் கிராமம் சோழமண்டலத்துக்கும் போனேன். இதில் சோறு கிடைக்குமா என்று கேட்பாயே, 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும், மெழுகு பூசிச் சாயம் போடுகிற பாத்திக் துணி மாதிரிக் கைவினைப் பொருட்கள் செய்து விற்ற காசில்தான் அந்தக் கிராமத்தையே உண்டாக்கினார்கள். இதை உன்னிடம் சொல்ல எத்தனை தடவை வாயெடுத்தேன் தெரியுமா? ஊருக்கு வரும்போதெல்லாம் நோட்டைக் கூடத்து மேஜையில் வைத்தேன். ஒரு நாளாவது பிரித்துப் பார்த்திருக்கலாம். அதன் மேல் மடித்த துணியை அடுக்கினாய். அதே வாரம், கேட்காமலே என் சட்டைப் பையில் 500 ரூபாயும் வைத்தாய்.

முடிவு பண்ணிவிட்டேன். அந்தக் கையை நூறு தாள் வரைகிறேன், ஒரு கவுளி. சென்னையில் ஒரு சின்ன அறையில் மாட்டப் போகிறேன். திதி முடிந்த பிறகுதான். திதிக்கு வீட்டில் இருப்பேன், அந்தப் படத்துக்கு முன்னால்தான் உட்காருவேன். அதை இறக்கச் சொல்லி இனிக் கேட்க மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல். அம்மாவோடு உட்கார்ந்து எண்ணியது நீதான், நான் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தேன். நூறு ஆனதும் கட்டுவாளே, அப்போது வாழை நாரின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வாளா, கால் விரலில் மாட்டிக்கொள்வாளா? 62-வது தாள் அங்கேயே நிற்கிறது.