ஒரு ஆழாக்கு கடலை மாவு எத்தனை கிராம்?

அம்மு,

சனிக்கிழமை போனில் மைசூர்பாகு மாவு மாவாக உதிர்ந்துபோச்சு என்று நீ அலுத்துக்கொண்டதும், உன் அம்மா "நெய்யில கஞ்சத்தனம் பண்ணியிருப்பே" என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. 100 கிராம் கடலை மாவு, 200 சர்க்கரை, 200 நெய் என்று தராசில் நிறுத்துப் போட்டதாகச் சொன்னாய். ஒன்றுக்கு ரெண்டு, ரெண்டு என்று அவள் சொன்ன கணக்கேதான், பிறகு எங்கே தப்பு?

நேற்று மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனவன் ஒரு டிஜிட்டல் தராசோடு திரும்பினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பாட்டி மாயவரத்திலிருந்து கொண்டுவந்த பித்தளை ஆழாக்கு, விளிம்பு நசுங்கியது, ஞாபகம் இருக்கிறதா? அதைத் தராசில் வைத்து, பட்டனை அழுத்தி எடையைப் பூஜ்யமாக்கி, தளும்பத் தண்ணீர் ஊற்றினேன். 168 கிராம். தண்ணீரில் ஒரு மில்லி ஒரு கிராம் என்பதால் நம் ஆழாக்கு 168 மில்லி என்று எடுத்துக்கொள். அதே ஆழாக்கில் சர்க்கரை 143, உருக்கிய நெய் 153. கடலை மாவை டப்பாவில் விட்டு அள்ளி ஒரு தட்டு தட்டினால் 86 வந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, "தள்ளுங்க, மாவை அப்படியா அள்ளுவாங்க" என்று சலித்து, அழுத்தாமல் கொட்டி, விரலால் மேலே வழித்துவிட்டாள். 70!

புரிகிறதா? அவளுடைய ஒன்று, ரெண்டு, ரெண்டு எல்லாம் ஆழாக்குக் கணக்கு, நீ அதைக் கிராமாக எடுத்துக்கொண்டாய். அவள் அளவில் 100 கிராம் மாவுக்கு சர்க்கரை 400க்குக் கொஞ்சம் மேலே, நெய் 437 வரை போகிறது. நீ போட்டது அதில் பாதிகூட இல்லை, பாகு பிடிக்காமல் உதிராமல் என்ன செய்யும். ஆக உன் அம்மா சொன்னதும் ஒரு விதத்தில் சரிதான், அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே.

இட்லிக்கு இந்தத் தலைவலி இல்லை. அரிசியும் முழு உளுந்தும் ஒரே ஆழாக்கில் கிட்டத்தட்ட ஒரே எடைதான், நாலுக்கு ஒன்று என்பதை நீ கிராமிலேயே போட்டுக்கொள்ளலாம். மாவு, ரவை, பொடி என்று வந்தால்தான் கவனம் வேண்டும். நெய்யைக் கண்டிப்பாக எடையில் எடு, ம்யூனிக் குளிரில் உறைந்துபோனதைக் கரண்டியால் கோரி கப்பில் போட்டால் நடுவில் எத்தனை பொந்து இருக்கும்! உறைந்தாலும் உருகினாலும் எடை மாறாது. பெருங்காயம், ஏலக்காய்க்கெல்லாம் தராசை எடுக்காதே, ஒரு கிராம் ரெண்டு கிராமை அது நம்புகிற மாதிரி காட்டாது, ஸ்பூனே போதும்.

அப்புறம், இணையத்தில் குறிப்பு பார்க்கும்போது எந்த ஊர் கப் என்று முதலில் பார். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன்கூட 20 மில்லி, மற்ற ஊர்களில் அது 15தான். படி, ஆழாக்கு விஷயத்தில் நம் ஊரிலும் இந்த வம்பு உண்டு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது சரி, ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறு. அதனால் வேறு யார் வீட்டு ஆழாக்குக் கணக்கையும் நம்பாதே, 168 மட்டும் எழுதி வைத்துக்கொள்.

தராசை அம்மா அலமாரி மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டாள், காசைக் கரியாக்கினேன் என்று ஒரு பாட்டு வேறு. இன்று காலை எழுந்து வந்தால் அது சமையல் மேடையில் இருக்கிறது, மேலே கால் கிலோ பீன்ஸ். "230 தான் இருக்கு" என்றாள். அந்தக் காய்க்காரர் நாளைக்கு என்ன பாடு படப்போகிறாரோ.

அப்பா