ஜான்-பாயின் நோட்டு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தி படித்து மனசு நிறைந்துவிட்டது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லையே? அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

நேற்று ராத்திரி ‘தி ஹோம்கமிங்’ என்று ஒரு பழைய அமெரிக்கப் படம் பார்த்தேன். 1971 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சிக்கென்றே எடுத்தது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கதை சின்னதுதான். 1933ஆம் வருஷம், அங்கே வேலையும் காசும் இல்லாமல் ஜனங்கள் திண்டாடிய காலம். வர்ஜீனியா மலைப்பக்கம் ஒரு வீடு, ஏழு பிள்ளைகள். அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வர வேண்டியவரைக் காணோம். ரேடியோவில் பஸ் விபத்துச் செய்தி வேறு. அப்பாவைத் தேடிவரச் சொல்லி மூத்தவன் ஜான்-பாயை அனுப்புகிறாள் அம்மா.

அம்மாவாக நடித்தவர் பாட்ரீசியா நீல். 1965இல் பக்கவாதம் தாக்கி, பேச்சையும் நடையையும் மறுபடி முதலிலிருந்து பழகியவர். படத்தில் எந்நேரமும் பிள்ளைகளை அதட்டிக்கொண்டே இருக்கிறார். ஆனால் பயம் முழுக்க அந்த அதட்டலில்தான் இருக்கிறது. நம் அம்மாக்களும் அப்படித்தானே? இதிலிருந்து பிறகு ‘தி வால்டன்ஸ்’ தொடர் வந்தது. அதில் அம்மா வேறு நடிகை, சாந்தமானவர். எனக்கு இந்தக் கடுகடுத்த அம்மாதான் நிஜம்.

ஜான்-பாய் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறான். சிகரெட் குடிக்கிறானோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். கேட்டால், மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டுகிறான். எழுதுகிறானாம்! அதை வெளியே சொல்ல அவ்வளவு கூச்சம். எனக்கு உடனே ஹாஸ்டலில் நீ தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்த கதை நோட்டு நினைவுக்கு வந்தது. அப்பா கடைசியில் வந்து சேர்கிறார். மகனுக்கு அவர் கொண்டுவந்த பரிசும் எழுதுகிற நோட்டுகள்தான். அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்று படம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அங்கேதான் அழுதுவிட்டேன்.

கண்ணீரைப் பிழிகிற படம் என்று சிலர் ஒதுக்குவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பைபிள் வசனம் சொன்னால் பரிசு என்று ஒரு மிஷனரி அம்மாள் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கொடுக்கிறாள். ஒரு சிறுமி ஆசையாகப் பிரித்தால் உள்ளே உடைந்த பொம்மை. வறுமையை இப்படி மறைக்காமல் காட்டிய படத்துக்குக் கடைசியில் அழவைக்கும் உரிமை உண்டு. கதையை எழுதிய ஏர்ல் ஹேம்னர் எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். சொந்த வீட்டைத்தான் எழுதியிருக்கிறார். படத்தில் கதை சொல்லும் குரலும் அவருடையதே.

சரி, அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா? அப்புறம் ஏதாவது எழுதினாயா? இருந்தால் நகல் எடுத்து அனுப்பு. பொங்கலுக்கு நான் வருவதற்குள் படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
கீதா