கீழ்க்காற்றில் எழும் கூழைக்கடா

ஊத்துக்குளி,
கார்த்திகை 10.

அன்புள்ள மயில்சாமிக்கு,

உன் கடிதமும், ஆடி மாதம் சூலூர்க் குளத்தில் நீ எடுத்த கூழைக்கடாப் படங்களும் கிடைத்தன. பணி ஓய்வுக்குப் பிறகு கேமராவைக் கையில் எடுத்தது நல்ல காரியம். படங்கள் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் பறவை எழும்பும் படங்கள் அத்தனையிலும் முதுகும் வாலுமே தெரிகின்றன என்று நீயே குறைபட்டு, லென்ஸை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். லென்ஸை மாற்றத் தேவையில்லை. காற்றைப் பார்த்து நின்றால் போதும்.

பெரிய நீர்ப்பறவைகள் எதிர்காற்றில்தான் எழும்பும், இறங்குவதும் எதிர்காற்றில்தான். நான்கைந்து கிலோ எடையுள்ள கூழைக்கடா தண்ணீரை விட்டுக் கிளம்ப வேண்டுமானால், இரண்டு கால்களாலும் ஒருசேர உதைத்துக்கொண்டு, சிறகு நுனி நீரில் அடிபட, சிறிது தூரம் ஓடியாக வேண்டும். முகத்தில் காற்று மோதினால் அந்த ஓட்டம் குறையும். நம் கொங்கு நாட்டில் அந்தக் காற்றின் திசை பருவத்துக்குப் பருவம் மாறிவிடுகிறது. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து மேல்காற்று வீசும். ஐப்பசிக்குப் பிறகு வாடையும், கிழக்கிலிருந்து வீசும் கீழ்க்காற்றும் வந்துவிடும். ஆடிக் காலையில் நீ கிழக்குக் கரையில், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாய். வெளிச்சம் சரிதான், பறவைகள்தாம் மேற்கே பார்த்து, உன்னைவிட்டு விலகிப் பறந்திருக்கின்றன. மாலையில் மேற்குக் கரைக்குப் போயிருந்தால் வெயில் உன் பின்னாலும் பறவை உன் எதிரிலும் வந்திருக்கும். இப்போது அதே கிழக்குக் கரைக்குக் காலையில் போ. கரையோரக் கோரை மேற்கே சாய்ந்திருந்தால் அன்று உனக்கு யோகம்தான். காற்றே இல்லாத நாளில் இந்தக் கணக்கு செல்லாது.

விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிடு. வெயில் தாழ்வாக இருக்கும்போதுதான் சிறகின் அடிப்பக்கம் வெளிச்சம் பெறும். நிலம் சூடேறிய பிறகு கூழைக்கடாக்களும் நாரைகளும் வெப்பக்காற்றில் வட்டமிட்டு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். கீழிருந்து பார்த்தால் வயிறு இருண்டு தெரியும்.

கேமரா அமைப்புகளைப் பற்றி நீ அதிகம் கவலைப்படுகிறாய். இந்தப் பறவைகள் நிதானமாகச் சிறகடிப்பவை; ஷட்டர் வேகம் 1/1600 நொடி தாராளம். வெள்ளை இறகில் வெயில் படும் இடத்துக்கு ஒருமுறை வெளிச்ச அளவு பார்த்து, கேமரா தானாக மாற்றாதபடி மேனுவலில் பூட்டிவிடு. பின்னணி தென்னந்தோப்பாக இருந்தாலும் வானமாக இருந்தாலும் பறவையின் மேல் விழும் வெயில் மாறுவதில்லை; தானியங்கி முறையில் விட்டால், கரும்பச்சைத் தோப்பைக் கண்டதும் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி, இறகுகளைச் சுண்ணாம்பாக்கிவிடும். சட்டகத்தில் தாராளமாக இடம் விடு. சாம்பல் நாரையும் கூழைக்கடாவும் கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். மஞ்சள் மூக்கு நாரையோ கழுத்தை முன்னும் கால்களைப் பின்னும் நீட்டிப் பறப்பதால், நெருக்கிப் பிடித்தால் ஏதாவது ஒன்று வெட்டுப்படும். கூட்டமாக வரும் கூழைக்கடாக்களில் முன்னது சில முறை சிறகடித்துவிட்டு மிதக்கும். பின்னால் வருபவை ஒன்றன்பின் ஒன்றாக அதையே செய்யும். எனக்குத் தனிப் பறவையின் முகத்தைவிட அந்த வரிசைதான் பிடிக்கும்: ஒரே சட்டகத்தில் ஒன்றின் சிறகு மேலே, அடுத்ததன் சிறகு கீழே, மூன்றாவது அசையாமல்.

கைதட்டியும் கல்லெறிந்தும் பறவைகளை எழுப்பிப் படமெடுப்பவர்களை நீயும் பார்த்திருப்பாய். பாவம் ஒருபுறம் இருக்கட்டும். மிரண்ட பறவை மனிதனுக்கு எதிர்ப்பக்கம்தான் ஓடும், அவர்களுக்கும் முதுகுதான் கிடைக்கும். நீ பேசாமல் உட்கார்ந்து, கரையில் நிற்கும் நாரையைக் கவனி. அது காற்றுக்கு முகம் திருப்பி, எச்சமிட்டு, முன்னால் சாய்ந்து காலை மடக்கினால், அடுத்த நொடி பறக்கப்போகிறது என்று பொருள்.

ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022-இலும் எங்கள் திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-இலும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெள்ளோட்டில் கூடு கட்டும் காலத்தில் மரங்களை நெருங்க வேண்டாம் என்பது என் கருத்து. நஞ்சராயன் குளத்துக்குத் தை பிறந்ததும் வா. பட்டைத்தலை வாத்துகள் வந்திருந்தால் அவற்றையும் பார்க்கலாம். முதல்நாள் இரவே இங்கு வந்து தங்கிக்கொள். பறவை வரிசை சட்டகத்தில் அடங்க வேண்டும் என்பதால், 600 மி.மீ. லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்தப் பழைய 300-ஐ எடுத்து வா. வரும் தேதியை மட்டும் முன்கூட்டி எழுது.

அன்புடன்,
சென்னியப்பன்