கேள்விப் பெட்டி வைக்கப் போகிறாயாமே

கொடைக்கானல்

தம்பி,

நான் இங்கே நூலகத்தில் வைத்திருப்பதுபோல், பிள்ளைகள் பேர் போடாமல் கேள்வி எழுதிப் போடுகிற கேள்விப் பெட்டியை உன் கல்லூரி நூலகத்திலும் வைக்கப் போவதாகச் சொன்னாய். அப்பா உடனே, "குலத்தொழில் ஆயிடுச்சா?" என்று சிரித்தார். போனில் சிக்னல் விட்டுவிட்டு வந்ததில் பாதிதான் பேச முடிந்தது. மீதியை எழுதுகிறேன்.

கூகுள் ஃபார்ம் வேண்டாம். மெயில் முகவரி கேட்காத மாதிரி வைக்கலாம் என்பாய். அது உனக்குத் தெரியும், கேட்கிற பிள்ளைக்குத் தெரியாதே. பேர் எங்கேயாவது போய்விடுமோ என்ற பயம் வந்துவிட்டால், ஹால் டிக்கெட் எப்போது வரும் என்பதைத் தவிர வேறெதையும் கேட்க மாட்டார்கள். துண்டுத்தாளும் பென்சிலும் போதும். பெட்டியை கவுண்டருக்கு எதிரே வைக்காதே, கேமரா பார்க்கிற இடத்திலும் வைக்காதே. இங்கே பழைய கேட்லாக் இழுப்பறை ஒன்றைத் தண்ணீர்க் குழாய்க்குப் போகிற வழியில் வைத்திருக்கிறோம். தண்ணீர் குடிக்கப் போகிறவளை எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பதிலைப் பலகையில் குண்டூசியால் குத்திவிடுவேன். ஒட்டுகிற மஞ்சள் தாளெல்லாம் இந்த ஊர் ஈரத்துக்கு ராத்திரியே உதிர்ந்துவிடும்.

அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரியின் ஓ'நீல் நூலகத்தில் சுவரே பேசுவதுபோல் பதில் எழுதுகிறார்கள். கேட்பவருக்கும் பேர் கிடையாது, சொல்பவருக்கும் பேர் கிடையாது. அந்த இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. நானும் 'நூலகம்' என்று மட்டும்தான் போடுகிறேன். 'அக்கா', 'அம்மா' என்று கையெழுத்துப் போட்டால் அடுத்த வரியிலேயே அறிவுரை வந்துவிடும், அதுவும் எனக்கு!

விளையாட்டுக் கேள்விகளை ஒதுக்காதே. விடுதி இட்லி ஏன் கல் மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். உளுந்து குறைந்தாலும் இருக்கும், இந்தக் குளிரில் மாவு சரியாகப் புளிக்காததாலும் இருக்கும் என்று எழுதி, சமையல் புத்தகங்கள் இருக்கிற 641 வரிசையைப் பாருங்கள் என்றேன். இதற்கெல்லாம் பதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தவள் நிஜக் கேள்வியைப் போடுவாள். "பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தால் குழந்தையே பிறக்காதா?" என்பது அப்படி வந்ததுதான். அப்படி இல்லை, பலருக்குப் பிறக்கிறது, டாக்டரைப் பாருங்கள் என்று எழுதினேன்.

சொத்துக் கேள்வி ஒன்று வந்தது. "அப்பா நிலத்தை அண்ணன் பேருக்கே எழுதப் போகிறார். எனக்குப் பங்கு உண்டா? ஆம், இல்லை மட்டும் சொல்லுங்கள்." அப்படிச் சொல்ல முடியாதே. பூர்வீகச் சொத்து என்றால் இந்து வாரிசுச் சட்டத்தின் 2005 திருத்தப்படி மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. கல்யாணம் ஆனாலும் அது போகாது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பா தானே சம்பாதித்து வாங்கியது என்றால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டையும் எழுதி மாட்டினேன். நாலு நாள் கழித்து அதே கையெழுத்தில், "எது பூர்வீகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?" மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பாருங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, எண் 15100 என்று சேர்த்தேன். 'அண்ணனோடு சண்டை போடாதேம்மா' என்று எழுதக் கை துடித்தது. அவள் அதைக் கேட்கவில்லை. நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து விதிகளை நீ பரீட்சைக்கு மனப்பாடம் செய்தாயே, அதில் வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று ஒன்று வருமே, அதற்கு இதுவும் அர்த்தம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கையெழுத்து தெரிந்துவிடும், தம்பி. தினமும் நுழைவுப் பதிவேட்டில் பார்க்கிற கையெழுத்துதானே. சில பிள்ளைகள் இடக்கையால் எழுதிப் போடுவார்கள், அதுவும் தெரியும். தெரிந்தாலும் முகத்தில் காட்டாதே. சொத்துக் கேள்வி எழுதினவள் புத்தகம் திருப்பித் தர வந்தாள். தேதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன், வழக்கமாகக் கேட்கிற 'சாப்பிட்டியா' கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் கூடுதலாகக் கனிந்து பேசினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள், அதோடு பெட்டியும் காலி. யார் எழுதியது என்று மேலே இருந்தும் கேட்பார்கள். துண்டுத்தாளைப் பதில் எழுதியதும் கிழித்துவிடு, காட்ட ஒன்றும் இருக்காது.

உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று எழுதி வந்தால் மட்டும் இந்த நிதானமெல்லாம் வேண்டாம். வெள்ளிக்கிழமை பதில் என்று காத்திராதே, பார்த்த நிமிஷமே மாட்டு. படித்தேன் என்று முதல் வரியில் சொல். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐப் பெரிதாக எழுது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நீ எந்த அறையில் எத்தனை மணி வரை இருப்பாய் என்பதையும் எழுதிவிட்டு, அங்கேயே இரு. கல்லூரி ஆலோசகரிடமும் உடனே சொல். இதற்காகவே பெட்டியை தினமும் இரண்டு வேளை திறக்க வேண்டும். ஆள் இல்லை என்றால் பெட்டி வைக்காமலே இருந்துவிடலாம்.

அப்புறம், எனக்கு ஒரு உதவி. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, எங்கள் வீட்டுப் பூண்டை அந்தப் பேரில் விற்க எங்கே பதிவு செய்வது என்று ஒரு துண்டுத்தாள் கிடக்கிறது. பூம்பாறைப் பக்கத்துப் பிள்ளையாக இருக்கும். (பார், நானே ஊகிக்கிறேன்!) அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிய வேண்டும் என்பது வரைக்கும் தெரியும். பதிவகம் கிண்டியில்தான் இருக்கிறது, உனக்குப் பக்கம். ஒரு நடை போய், என்னென்ன தாள் கொண்டுவரச் சொல்கிறார்கள், எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டு வியாழக்கிழமைக்குள் அனுப்பு.

அம்மா