சாமுவேலுக்கு, இரவுச் செபம் பற்றி

தூத்துக்குடி

அன்புள்ள சாமுவேல்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரன் பிறந்த செய்தியைச் சொன்னதும் மேரி அந்த நிமிஷமே உன் மருமகளுக்குப் போன் போட்டுவிட்டாள். அரை மணி நேரப் பேச்சு. குழந்தை யார் சாடை என்பதுவரை எனக்குத் தெரியும், நீ எழுத வேண்டியதில்லை. இங்கே எல்லாரும் சுகம். முழங்கால்தான் சொன்னபடி கேட்பதில்லை. கோயிலில் கடைசி வரிசை நாற்காலிக்கு வந்துவிட்டேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இரவில் பகலைத் திரும்பிப் பார்த்துச் செபிக்கிறேன் என்று எழுதியிருந்தேன். பாவங்களைப் பட்டியல் போடுவதுதானே அது, அதைச் செய்தால் எனக்கு இருக்கிற தூக்கமும் போய்விடும் என்கிறாய். சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனை அப்படித்தான் இருந்தது. குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் பத்துக் கட்டளைகளையும் வரிசையாக ஓட்டிப் பார்ப்போம், பாவத்துக்காக வருந்தும் உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லுவோம், முடிந்தது. ஆனால் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகள் நூலில் எழுதிவைத்த வரிசையில் பாவம் முதலில் வருவதில்லை. நன்றிதான் வருகிறது. அப்புறம், உள்ளதை உள்ளபடி காண வெளிச்சம் கேட்கிறோம். அதன் பிறகே எழுந்த நேரத்திலிருந்து மணி மணியாக நினைவு, சொல், செயல் என்று பார்ப்பது. பிறகு மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம், கடைசியில் பரலோக மந்திரம்.

அந்த நன்றியில்தான் நான் அதிக நேரம் நிற்கிறேன். அன்றைக்கு மின் கட்டணம் கட்டப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பையன் என்னை உட்காரச் சொல்லிவிட்டு எனக்காக வரிசையில் நின்றான். பகலில் அது எனக்குப் பெரிதாகத் தோன்றவே இல்லை. ராத்திரி, நன்றி சொல்ல இன்று என்ன இருக்கிறது என்று துழாவும்போதுதான் அவன் முகம் வந்தது. இப்படி ஒன்றிரண்டு கிடைத்த பிறகு அன்றைய குறைகளைப் பார்க்க மனம் அவ்வளவு பயப்படுவதில்லை.

இஞ்ஞாசியார் இப்படி மனதைக் கவனிக்கக் கற்றுக்கொண்டது மடத்தில் அல்ல, நோய்ப்படுக்கையில். 1521-இல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, லொயோலாவில் தன் வீட்டில் கிடந்தார். படிக்க வீரக் கதைகள் கேட்டாராம். வீட்டில் இருந்ததோ இயேசுவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். படுத்தபடியே கனவு காண்பார். போர், பெருமை, ஒரு சீமாட்டி என்று நினைத்தால் அந்த நேரம் இனிக்கும், முடிந்ததும் மனம் வறண்டு போகும். புனிதர்களைப்போல வாழ்வதாக நினைத்தால் மகிழ்ச்சி பிறகும் தங்கும். இந்த வித்தியாசத்தை அவர் கவனித்ததிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. நானும் இப்போது அதைத்தான் பார்க்கிறேன். எங்கள் தெருச் சங்கக் கூட்டத்தில் வாதாடி ஜெயித்த நாள், இரவில் யோசித்தால் சப்பென்று இருக்கிறது. மனமே இல்லாமல் ஒரு பழைய சகாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த நாள் லேசாக இருக்கிறது. இதில் சரி தவறு என்று எதுவும் எழுதிவைக்க வேண்டியதில்லை, கடவுள் எந்தப் பக்கம் இழுக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

இஞ்ஞாசியார் இன்னொரு வழியும் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கோடு போட்டு, விழுந்த தடவையெல்லாம் புள்ளி வைப்பது. துறைமுகத்தில் ஆயுசெல்லாம் கணக்குப் பார்த்த எனக்கு இன்னொரு பேரேடு வேண்டாம் என்று அதை விட்டுவிட்டேன். உனக்குப் பிடிக்கலாம். இதெல்லாம் ஆர்.சி. சமாச்சாரம் என்று ஒதுக்காதே. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியும் ஆங்கிலிக்கன் குருவாகவே செத்த உங்கள் ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் மணிக்கு மணி நாட்குறிப்பு எழுதித் தன்னைச் சோதித்தவர். என்னைக் கேட்டால் அது ரொம்ப அதிகம்.

இயேசு சபையார் மதியமும் இரவும் இதைச் செய்ய வேண்டும் என்பது விதி. நமக்கு ஒரு வேளை போதும், கால் மணி நேரம். படுக்கையில் செய்யாதே, நன்றியிலேயே குறட்டை வந்துவிடும். சாப்பாட்டுக்கு முன் நாற்காலியில் உட்கார். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 139-ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களைச் சொல்லு. உனக்குத்தான் அது மனப்பாடமாயிற்றே. தூக்கம் கெட்டால் எனக்கு எழுது. குறைகளில் போய் நின்றுவிட்டாய் என்று அர்த்தம், திரும்பவும் நன்றிக்குப் போ.

பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. கூட்டம் ஆகாது என்பாய், அதனால் நடுவில் 31-ஆம் தேதி வா. அன்றைக்கு இஞ்ஞாசியார் திருநாளும்கூட. பேரன் படத்தைக் கொண்டு வா. மக்ரூன் வாங்கி வைக்கிறேன். சர்க்கரை என்று சொல்லித் தப்பிக்காதே, ஒன்று தின்றால் ஒன்றும் ஆகாது.

அன்புடன்,
அந்தோணி