எங்கள் ஆட்களைத் திருப்பிக் கொடுங்கள்

ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தில் உட்கார்ந்து ஃபைனல் ஃபேன்டஸி வீடியோ கேம்களைச் செய்துகொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "பழையபடி டர்ன் பேஸ்டாகவே, ஆளுக்கொரு முறை மாறி மாறி அடிக்கிற சண்டையாகவே கொடுங்கள்" என்று கேட்கிற இன்னொரு கடிதம் இல்லை இது. அந்த மாதிரி உங்களுக்கு மூட்டை மூட்டையாக வந்திருக்கும். மாற்றக் கூடாது என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாயும் கிடையாது, ஏனென்றால் இந்தத் தொடர் ஒரு இடத்தில் நின்றதே இல்லை. 1987இல் முதல் பாகம் வந்தது, அடுத்த வருடமே இரண்டாவதில் லெவல் ஏறுவது என்பதையே எடுத்துவிட்டீர்கள். வாளை வீசினால் வாள்வித்தை வளரும், அடி வாங்கினால் உயிர் வளரும் என்றீர்கள். விளைவு, எதிரியை விட்டுவிட்டுச் சொந்த ஆட்களையே மாறி மாறி அடித்து உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தது ஊர். பலருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதை வடிவமைத்த கவாசு அந்த யோசனையை சாகா என்ற இன்னொரு கேம் தொடருக்கு எடுத்துப் போய் அங்கே வாழவைத்தார். நான்காவதில் கடிகாரம் நிற்காமல் ஓடுகிற ஏடிபி முறை வந்தது, நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரி அடித்துவிடுகிறான். பத்தாவதில் அதையும் எடுத்தாகிவிட்டது. பதினொன்று முழுக்க ஆன்லைன், பன்னிரண்டில் கேம்பிட், அதாவது கூட வருபவர்கள் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே விதி எழுதிவைக்கும் முறை. ஒவ்வொரு முறையும் யாராவது தலையில் கை வைத்துக்கொண்டு "இதெல்லாம் ஒரு ஃபைனல் ஃபேன்டஸியா" என்பார்கள், கொஞ்ச வருடம் போனால் அதே பாகம்தான் தங்கள் உயிர் என்று சத்தியம் செய்வார்கள். எட்டாவதில் மந்திரங்களைச் சேர்த்துவைத்து உடல் பலத்தோடு மாட்டிக்கொள்ளும் ஜங்ஷன் முறையைத் திட்டித் தீர்த்தவன் நான். இன்று அதை வேறு யாராவது திட்டினால் சண்டைக்குப் போகிறேன்.

சரி, அப்புறம் என்னதான் குறை என்கிறீர்களா? கூட வருகிற ஆட்களை எங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள். அதுதான் குறை.

பத்தாவது பாகத்தை நினைத்துப் பாருங்கள். பறக்கிற எதிரி வந்தால் வாக்காவின் பந்து. ஓடு மூடிய எதிரி என்றால் ஆரனின் பெரிய வாள். துள்ளித் தப்பிக்கிற ஓநாய்க்கு டீடஸ். கொழகொழவென்று ஃப்ளான் வந்து நின்றால் வாளெல்லாம் வீண், மந்திரக்காரி லூலுவைக் கூப்பிட வேண்டும். சண்டைக்கு நடுவிலேயே ஆளை மாற்றலாம், முறை வீணாகாது. அதனால் ஏழு பேரில் யாரும் உபரி இல்லை. யூனாவைக் காப்பாற்ற ஒரு கூட்டம் சேர்ந்து நடந்து போகிறது என்பது கதை, அதையேதான் சண்டையும் ஒவ்வொரு பத்தடிக்கும் எங்கள் கட்டைவிரலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறாவதில் 14 பேர். பிடித்த நாலு பேரை மட்டும் வளர்த்துவிட்டு மற்றவர்களை ஏர்ஷிப்பில் சும்மா உட்காரவைத்திருப்போம், கடைசியில் பார்த்தால் வில்லன் கெஃப்காவின் கோபுரத்துக்கு மூன்று அணியாகப் பிரிந்து போக வேண்டும், கவனிக்காமல் விட்ட அத்தனை பேரும் அங்கே வந்து கணக்குக் கேட்பார்கள். ஏழாவதில் ஏரித் செத்தது ஏன் அப்படி வலித்தது? (1997இல் வந்த கேமுக்கு ஸ்பாய்லர் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) நோபுவோ உவேமட்சுவின் இசை ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றும் உண்டு, அவள் நான் வளர்த்த ஆள். அந்தக் காட்சி முடிந்து மெனுவைத் திறந்தால் அவள் பெயர் இருந்த இடம் காலி.

இப்போது பதினாறுக்கு வருகிறேன். 2023இல் அது வந்ததும் விழுந்து விழுந்து ஆடினேன். டெவில் மே க்ரை 5 என்ற அதிரடி கேமில் வேலை செய்த ரியோட்டா சுசுகியைக் கூட்டிவந்து சண்டையை வடிவமைத்திருந்தீர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டைட்டனோடு மோதும் அந்த இடத்தில் நான் கண்ட்ரோலரைப் பிடித்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது. ஆனால் சண்டைகளில் எனக்குக் கொடுத்தது அனேகமாக நாயகன் கிளைவ் ஒருவனை மட்டும்தான். பனியையே ஆளுகிற ஜில் பக்கத்தில் நிற்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது, தானாக எதையோ செய்துகொண்டிருக்கிறாள். நெருப்பே உருவான பாம் என்ற எதிரியின் மீது நெருப்பை வீசினாலும் பனியை வீசினாலும் அதற்கு ஒன்றுதான். அப்படியிருக்க ஜில் எதற்கு என்று கேம் கேட்கவே இல்லை. நான் சொல்லி ஏதாவது கேட்டது என்றால் அது டோர்கல், அதாவது நாய்.

இன்றைய இளைஞர்களுக்கு மெனுவில் கட்டளை தேர்ந்தெடுப்பது அந்நியமாக இருக்கிறது என்ற பொருளில் பதினாறின் தயாரிப்பாளர் யோஷிதா அவர்கள் பேட்டி கொடுத்திருந்தார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2010இல் கவிழ்ந்துபோன பதினான்கை எடுத்து, அந்த உலகத்தையே பஹமுட் என்ற டிராகனை விட்டு அழித்து, 2013இல் புதிதாகக் கட்டி எழுப்பிய மனிதர், ஆடுபவர்களோடு உட்கார்ந்து பேசுவதை வழக்கமாகவே வைத்திருப்பவர். ஆனால் இந்த விஷயத்தில் அவருக்கான பதில் உங்கள் அடுத்த அறையிலேயே இருந்தது. 2020இல் வந்த ஏழின் ரீமேக் வேகமான சண்டைதான், பட்டனை அழுத்தினால் வாள் சுழலும், ஆனால் கட்டளை மெனுவைத் திறந்தால் காலம் கிட்டத்தட்ட நின்றுவிடும். பாரட்டை மாடியில் இருப்பவனைச் சுடச் சொல்லலாம், ஏரித்தை மந்திரம் போடச் சொல்லலாம், நினைத்த நொடியில் டீஃபாவாக மாறிக் குத்தலாம். 2024இல் ரீபர்த் இதை இன்னும் நன்றாகச் செய்தது. வேகமும் வேண்டும், ஆட்களும் வேண்டும் என்றால் இதோ வழி என்று நீங்களே காட்டிவிட்டு, பிரதான எண் போட்ட பாகத்தில் அதை ஏன் மறந்தீர்கள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

2025இல் பிரான்சிலிருந்து ஒரு சின்னக் குழு கிளேர் ஆப்ஸ்க்யூர் என்ற கேமை வெளியிட்டபோது எங்கள் பக்கத்தில் பலர் "பார்த்தீர்களா, டர்ன் பேஸ்டு ஜெயித்துவிட்டது" என்று கொடி பிடித்தார்கள். நான் அந்த ஊர்வலத்தில் போகவில்லை. அதிலும் எதிரி அடிக்கும்போது சரியான நொடியில் பட்டனை அழுத்தித் தடுக்கத்தான் வேண்டும், கை சும்மா இருக்காது. அதில் எனக்குப் பிடித்தது வேறு, லூனை ஆடுவதும் மயெலை ஆடுவதும் வேறு வேறு வித்தை, ஒருத்தி இல்லாவிட்டால் அந்த இடத்தை இன்னொருத்தி அப்படியே நிரப்ப முடியாது. உங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று கொஞ்சம் கவனியுங்கள்.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. பன்னிரண்டு வயதில் எந்த பாகத்தை ஆடினோமோ அதுதான் அசல், மற்றதெல்லாம் போலி என்று சண்டை போடுகிறோம், அந்தச் சத்தத்தில் உங்களுக்கு எதுவும் உருப்படியாகக் கேட்டிருக்காது. அதனால்தான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்கிறேன். பதினேழைத் திறந்தவெளியாகச் செய்யுங்கள், விண்வெளிக்குக் கொண்டுபோங்கள், படிகங்களையே தூக்கிப் போடுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. மெனுவைத் திறந்தால் நாலு பெயர் வரிசையாக இருக்கட்டும், அந்த நாலு பேருக்கும் நான் சொல்வது காதில் விழட்டும்.

நாயையும் சேர்த்துக்கொண்டால் சந்தோஷம். அவன் சொன்ன பேச்சு கேட்பவன்.