உன் முகத்துக்கு எது ஒத்துக்கொள்ளும்?

சென்னை,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அண்ணன் மகளின் திருமணம் நல்லபடியாக முடிந்ததையும், பந்தியின் கடைசி வரிசை வரை நீயே நின்று கவனித்ததையும் படித்து மனம் நிறைந்தது. ஆனால் திருமணப் படங்கள் வந்தபோது உனக்கு ஏற்பட்ட வருத்தத்தை நான்கே வரிகளில் எழுதி முடித்திருந்தாயே, அந்த நான்கு வரிகள்தான் இன்னும் என் மனத்தில் நிற்கின்றன. முகம் மட்டும் சாம்பல் பூசியது போலவும், கழுத்து வேறொருவருடையது போலவும் தெரிந்ததாக எழுதியிருக்கிறாய். மதியச் சாப்பாட்டுக்குள் மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய் வழிந்து, பூசியதெல்லாம் திட்டுத் திட்டாகப் பிரிந்துவிட்டது என்றும், 44 வயதில் இதையெல்லாம் கேட்க வெட்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கும் முகம் அது. அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாய்?

நம் இருவருக்கும் ஒரே வகைத் தோல் என்பது விடுதி நாள்களிலேயே தெரிந்ததுதான். காலையில் பூசிய பவுடர் முதல் வகுப்பு முடிவதற்குள் நெற்றியில் கோடு கோடாகச் சேர்ந்து நிற்கும். "சிவப்பாக இருக்கிற உங்களுக்கு என்ன குறை?" என்று கூடப் படித்தவர்கள் கேட்பார்கள். நிறத்துக்கு நம் ஊர் தரும் மதிப்பு அநியாயமானது என்று அன்றே எனக்குத் தோன்றியது, இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை. அந்த மதிப்பினால் நமக்கும் ஒரு நன்மையும் விளையவில்லை. நல்ல நிறம் என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிட்டதால், அந்தத் தோலுக்கு என்ன வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. வெளுப்பான தோல் எதையும் மறைக்காது. ஒரு பரு வந்து போனால் அதன் சிவப்பு மாதக்கணக்கில் நிற்கும், அரை மணி நேர வெயில் கன்னத்தில் தெரியும், ஒத்துக்கொள்ளாத கிரீம் மறுநாளே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஊட்டியில் இருந்த ஆறு ஆண்டுகளில் என் முகம் அடங்கியே இருந்தது. இவருக்கு மாற்றலாகிச் சென்னைக்கு வந்த முதல் சித்திரையிலேயே பழைய கதை திரும்பிவிட்டது. இங்கே வியர்வை காய்வதில்லை. அதோடு எண்ணெயும் கலந்து முகம் முழுவதும் பரவிவிடுகிறது. அதனால் இந்த இரண்டு ஆண்டுகளில் நானும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. உனக்கு எழுதுவது அப்படிக் கற்றதைத்தான்.

எண்ணெய் வழிவது அழுக்கினால் அல்ல என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள். தோலுக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் ஹார்மோன்களின் சொல்லுக்குத்தான் கட்டுப்படும். நெற்றியிலும் மூக்கிலும் முகவாயிலும் அவை அதிகம். நாம் விடுதியில் ஒரு நாளைக்கு ஐந்து முறை குளியல் சோப்பால் முகம் கழுவினோமே, அது பெரிய தவறு. காரத்தையும் அமிலத்தையும் அளக்கும் பிஎச் எண்ணில் 7க்கு மேலே காரம், கீழே அமிலம்; சாதாரண சோப்பு 9 முதல் 10 பிஎச் வரை இருக்கும். தோலோ ஏறக்குறைய 5 பிஎச் அளவில் சற்றே அமிலத்தன்மையோடு இருப்பது. திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டால் மேல்தோல் வறண்டு எரியுமே ஒழிய, சுரப்பி தன் வேலையை நிறுத்தாது. ஆகவே சோப்புக் கலக்காத, மென்மையான ஃபேஸ்வாஷ் ஒன்றைக் காலையிலும் இரவிலும் மட்டும் பயன்படுத்து. பள்ளியிலிருந்து வந்ததும் கழுவ வேண்டும் போலிருந்தால் வெறும் தண்ணீர் போதும். கழுவிய பிறகு முகம் இழுத்துப் பிடித்தது போல இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த ஃபேஸ்வாஷ் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் பொருள்.

மருந்துப் பொருள்களில் நம் போன்ற தோலுக்கு இரண்டை நான் நம்புகிறேன். ஒன்று சாலிசிலிக் அமிலம். அது எண்ணெயில் கரையக்கூடியது என்பதால், எண்ணெய் அடைத்துக்கொண்ட துளைகளுக்குள் இறங்கி வேலை செய்யும். மூக்கின் மேல் இருக்கும் கரும்புள்ளிகளுக்கு அதுவே நல்லது. 2 சதவீதத்துக்கு மேல் தேவையில்லை, முதலில் வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும் போட்டுப் பார். மற்றொன்று நியாசினமைடு, அது பருவின் சிவப்பைத் தணிக்கும், எண்ணெயையும் ஓரளவு குறைக்கும். கடையில் 10 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்கள், ஆனால் எனக்கு அது கன்னத்தில் குத்தி எரிந்தது. 5 சதவீதத்தில் எந்தத் தொல்லையும் இல்லை. இவற்றுக்கு மேல் ஒரு ஜெல் மாய்ஸ்சரைசரைக் கட்டாயம் பூசு. எண்ணெய் வழியும் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று நீ கேட்பாய். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. மேலே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே வறண்டு உரியும் தோலை நான் என் முகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் கடுகளவு பொரிகள் வருவதாக எழுதியிருந்தாய். நீ இன்னும் இரவில் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு படுக்கிறாயா? காலையில் எழுந்ததும் உன் தலையணை உறையைப் பார். நெற்றி பட்ட இடத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் இருக்கும். அந்த எண்ணெய்தான் இரவெல்லாம் முகத்தில் ஊறுகிறது. தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு அலசிவிடு. உறையை வாரத்துக்கு இருமுறை மாற்று. அப்படியும் போகாமல், பொரிகள் எல்லாம் ஒரே அளவாக இருந்து அரிக்கவும் செய்தால், அது பருவாக இல்லாமல் ஒரு வகைப் பூஞ்சையால் வருவதாகவும் இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு, தோல் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பயத்த மாவை நான் விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் குழைத்து, தேய்க்காமல் பூசிக் கழுவுவதில் கெடுதல் ஒன்றுமில்லை. எலுமிச்சைச் சாற்றை மட்டும் முகத்துக்கு அருகில் கொண்டுபோகாதே. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, பழுப்புத் தழும்பாக நின்றுவிடும்.

இனி எழுதப்போவதை உன்னிடம் இதுவரை நான் சொன்னதில்லை. 26 வயதில், திருமணத்துக்கு முன்பு, ஒரு மருந்துக்கடையில் பருவுக்கென்று கேட்டபோது ஒரு சிறிய டியூபை எடுத்துக் கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் பளிங்கு போல ஆனது, வீட்டில் எல்லோரும் வியந்தார்கள், நானும் தொடர்ந்து எட்டு மாதம் பூசினேன். பிறகு அடுப்பருகே நின்றாலே கன்னம் தீயாக எரிந்தது. தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் போல வெளியே தெரிந்தன. கிரீமை நிறுத்தினால் முகம் முழுவதும் பரு வெடித்தது. அது ஸ்டீராய்டு கலந்த கிரீம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கன்னம் ஆறுவதற்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. 2018இல் மத்திய அரசு இத்தகைய பல கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆணையிட்டது. ஆனாலும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. யார் எதைக் கொடுத்தாலும், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று பின்பக்கத்தில் படி. பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபிட்டசால் என்ற பெயர்களில் ஒன்று இருந்தாலும் உன் முகத்துக்கோ உன் மகளின் முகத்துக்கோ அதை நீயாகப் பூசாதே. மகளுக்கு இப்போதே கன்னத்தில் பரு கட்டிக்கட்டியாக வருகிறது என்றாய். வயது வந்தால் தானே போய்விடும் என்று காத்திருக்காமல் இந்த விடுமுறையிலேயே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போ. பள்ளம் விழுந்துவிட்டால் பிறகு சரிசெய்வது மிகவும் கடினம்.

சன்ஸ்கிரீன் பிசுபிசுக்கிறது என்று பாதியில் விட்டுவிட்டாய் அல்லவா? நீ வாங்கியது கிரீம் வகையாக இருந்திருக்கும். ஜெல்லாகவோ தண்ணீர் போல நெகிழ்ந்தோ இருப்பதைத் தேர்ந்தெடு. டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் என்பது வெயிலிலிருந்து காக்கும் அளவைக் காட்டும் எண். அது 30 என்றால், தோலைச் சுடும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அந்த எண் எத்தனை என்பதைவிடப் பூசும் அளவுதான் முக்கியம்: ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் விரல் நீளத்துக்கு ஒவ்வொரு கோடு பிழிந்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்துக் காணும். பருவின் தழும்பு மறைய வேண்டுமானால் வேறு எந்தச் சீரத்தைவிடவும் இதையே நான் முதலில் வாங்குவேன். தோல் நிறத்திலேயே வரும் சன்ஸ்கிரீனும் உண்டு. அதில் இரும்பு ஆக்சைடு கலந்திருப்பதால் மங்கு படர்வதற்கும் நல்லது, பள்ளிக்குப் போகும் நாள்களில் ஃபவுண்டேஷனே தேவைப்படாது.

இப்போது உன் திருமணப் படத்துக்கு வருகிறேன். கடையில் நீ வெளுப்பாக இருப்பதைப் பார்த்ததும், இருப்பதிலேயே வெளிறிய ஷேடை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஷேடுகளில் பலவற்றின் அடிநிறம் இளஞ்சிவப்பு. உன் தோலும் என் தோலும் வெளுப்புதான், ஆனால் அதன் அடியில் ஓடுவது மஞ்சள். மஞ்சள் தோலின் மேல் இளஞ்சிவப்பு ஏறினால் சாம்பலாகத்தான் தெரியும். அதற்கு மேல் வெள்ளைப் பவுடரைப் போட்டதால், கேமராவின் ஃபிளாஷ் பட்டு முகம் இன்னும் வெளிறிவிட்டது. புறங்கையில் தடவிப் பார்த்து வாங்கியதாக எழுதியிருந்தாய். புறங்கை வெயிலில் கறுத்திருக்கும். முகத்தின் நிறத்தை அது சொல்லாது.

நான் இப்போது செய்வது இதுதான். மூன்று ஷேடுகளைத் தாடையோரத்தில், கழுத்துக்கு இறங்குவது போலக் கோடு கோடாக இழுத்துக்கொள்கிறேன். உடனே எதையும் வாங்காமல் கடையை விட்டு வெளியே வந்து, ஒரு காப்பி குடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் கைக்கண்ணாடியில் பார்க்கிறேன். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் ஃபவுண்டேஷன் நேரம் ஆக ஆகக் கொஞ்சம் கறுக்கும். பூசிய நிமிடத்தில் பொருந்தியது அரை மணி நேரத்தில் பொருந்தாமல் போகலாம். எண்ணெய் ஏறிய பிறகு எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகிறதோ அதுவே நம் ஷேடு. சென்ற முறை எனக்கு மறைந்தது நடுக்கோடு. விற்பனைப் பெண் பரிந்துரைத்த முதல் கோடு சுண்ணாம்பு போலத் தனியாக நின்றது. கடைக்குப் போகும் நாளில் கஸ்தூரி மஞ்சள் பூசியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தவறிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்.

திட்டுத் திட்டாகப் பிரிந்ததற்குக் காரணம் வேறு. எண்ணெய் வழிய வழிய அதன் மேலேயே காம்பாக்ட்டை அப்பியிருப்பாய். பவுடரும் எண்ணெயும் குழைந்தால் மாவாகிவிடும். முதலில் எண்ணெயை ஒற்றி எடுக்க வேண்டும், துடைக்கக் கூடாது. ஜப்பானில் தங்கத் தகடு அடிப்பவர்கள் பயன்படுத்திய காகிதமே அங்கே பெண்கள் முகத்து எண்ணெயை ஒற்றும் காகிதமாயிற்று என்று படித்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இப்போது இங்கேயும் அப்படிப்பட்ட காகிதம் கிடைக்கிறது, இல்லாவிட்டால் நன்றாகத் துவைத்த பருத்திக் கைக்குட்டையே போதும். ஒற்றிய பிறகு மூக்கு, நெற்றி, முகவாய் இந்த மூன்று இடத்தில் மட்டும் இளமஞ்சள் பவுடரைப் பஞ்சால் அழுத்தி வை, கன்னத்தை விட்டுவிடு. ஃபவுண்டேஷனையும் ஈர ஸ்பாஞ்சால் மெல்லிதாக ஒற்றிப் பூசு. எண்ணெய்த் தோலில் கனமாகப் பூசியதுதான் முதலில் பிரியும்.

லிப்ஸ்டிக்கில் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செங்கல் நிறம் உனக்கு என்றுமே பொருத்தம். கண்மை வழிவதற்கு, எழுதிய பிறகு காய்ந்து நிற்கும் பென்சில் வகையை வாங்கு. ஸ்டிக்கர் பொட்டை எடுக்கும்போது அந்த இடத்தைச் சற்று உற்றுப் பார். அதன் பசையில் இருக்கும் ஒரு வேதிப்பொருளால் சிலருக்கு வெண்திட்டு விழுகிறது; நம் நிறத்தில் அது தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எதை வாங்கினாலும் ஒன்றை மட்டும் வாங்கி, இரண்டு வாரம் பொறுத்து, அடுத்ததற்குப் போ. ஒரே நாளில் நான்கைத் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாது.

அடுத்த மாதம் தேர்வுத்தாள் திருத்த இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய். ஒரு மாலை எனக்காக ஒதுக்கு. பாண்டி பஜாருக்குப் போய் உன் ஷேடைப் பார்த்து எடுப்போம், காப்பிக்கு நான் பொறுப்பு. முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு வராதே. மஞ்சளும் வேண்டாம். நாள் முழுவதும் தாள் திருத்தி, பேருந்தில் நின்று வந்த முகத்தோடு, வழியும் எண்ணெயோடு அப்படியே வா.

என்றும் அன்புடன்,
உன் விடுதித் தோழி